கட்டிங் மேசை மேல் இன்ஜின்

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஆண்களுக்கான சட்டை, பேன்ட், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பார். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரோரமாகத் துணி வெட்டுகிற நீள மேசை. கல்யாணமான புதிதில் அந்த மேசையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டேன் என்பதற்காக என்னோடு பேசாமல் இருந்த மனுஷன் அவர். துணி வெட்டும் இடத்தில் துணியைத் தவிர வேறெதுவும் வரக்கூடாதாம். அப்படிப்பட்டவர் மோட்டார் சைக்கிள் இன்ஜினை அதே மேசையில் ஏற்றிவைத்தார். இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அவர் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் தைத்த சட்டை கையில் கிடைத்தால் அதை உள்புறம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். விருந்துக்குப் போன வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் காலரைத் தடவிப் பார்த்து, உள்ளே மட்டமான துணி வைத்திருக்கிறான் என்று சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கிறார். மூடியிருப்பது எதுவானாலும் திறந்து பார்த்தாக வேண்டும். சுவர்க்கடிகாரம், மின்விசிறி, என் மிக்ஸி எல்லாம் அவர் கையால் பிரிந்தவைதான். கடிகாரமும் விசிறியும் மறுபடி ஓடின, மிக்ஸி ஓடவில்லை. ஓடிய இரண்டைப் பற்றி மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். பல வருஷமாகத் தற்காலிக வேலைதான். எப்போது வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லலாம். அந்தப் பயத்திலேயே சளி, காய்ச்சல் எதற்கும் லீவு போடாமல் வேலை பார்த்தவள். ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான மேடம் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து ரத்தம் எடுக்கும் கவுன்டரை விடியும்போதே திறக்கப்போகிறோம், வெறும் வயிற்றில் வருகிற சர்க்கரை நோயாளிகள் வெயில் ஏறும்வரை காத்துக் கிடக்க வேண்டாம் என்றார். திறக்கிற பொறுப்பை உனக்குத் தருகிறேன், ஒழுங்காக நடந்தால் நிரந்தரத்துக்கு உன்னைத்தான் சிபாரிசு செய்வேன் என்றும் சொன்னார். என்னைப் போலவே தற்காலிகமாக இன்னொரு பெண்ணும் அங்கே இருந்தாள். மருத்துவமனைக்குப் பின் தெருவிலேயே அவள் வீடு. அவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டதில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

உன் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறதே, அந்நேரத்துக்குப் பஸ் கிடையாதே என்று மேடம் கேட்டார். என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடுவார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கவுன்டருக்கு இருந்த ஒரே சாவியை என் கையில் கொடுத்தார். அதைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் வண்டி அப்போது புகை கக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வருகிற ஆட்கள் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள். தெருமுனை மெக்கானிக் கிக்கரை மிதித்துக் கேட்டுவிட்டு, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துவிட்டது, ஆயில் மேலே ஏறி எரிகிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். ஆனால் கையில் ஏகப்பட்ட வேலை இருக்கிறதாம், அந்தத் திங்கட்கிழமைக்குள் நடக்காதாம். ஆயிலை மட்டும் அவ்வப்போது ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள், இன்னும் கொஞ்ச காலம் தாராளமாக ஓடும் என்றார். இந்தக் கடைசி வார்த்தையை நான் நன்றாகவே கேட்டேன். பக்கத்தில்தான் நின்றிருந்தார் என் வீட்டுக்காரரும், அவர் காதில் மட்டும் அது விழவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கிவிட்டார். "என்ன பெரிய விஷயம்? தையலைப் பிரிச்சு, தேஞ்சதை மாத்தி, திரும்பத் தைக்கணும். அவ்வளவுதானே?"

வேண்டாம் என்று சொன்னேன். கெஞ்சினேன். புகையோடு போனால் எனக்கொன்றும் கௌரவம் குறைந்துவிடாது என்றேன். புது வேலைக்குப் போகிறவளைப் புகை வண்டியிலா கொண்டுபோய் இறக்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். உனக்காகத்தான் செய்கிறேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. பிரித்துப் பார்க்கக் கை அரித்தது என்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அந்த மனுஷனை யாராலும் நிறுத்த முடியாது.

வண்டியிலிருந்து இன்ஜினைக் கழற்றி, பழைய போர்வையில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்தோம். பிள்ளை பெற்றவளுக்குக்கூட அப்படி இடுப்பு வலிக்காது. அதன்பிறகு எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாடை குடியேறியது. துணியெல்லாம் அந்த வாடை. பேன்ட் தைக்கக் கொடுத்திருந்த வங்கிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, துவைத்துக் கொடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பேன்ட்டைத் துவைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாரோ இன்ஜின் பிரிப்பதைப் படம் பிடித்துப் போட்டிருந்ததை என் கைபேசியில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். விரலெல்லாம் கிரீஸ் என்பதால் மூக்கு நுனியால் திரையைத் தொட்டு நிறுத்துவார். படத்தில் அந்த ஆள் ஒரு திருகு திருகினால் போல்ட் கழன்று வந்தது. இங்கே இவர் சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தும் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. நான் ரத்தம் எடுக்கிறவள், வீட்டுக்கு வந்தும் பஞ்சும் கையுமாகவே இருந்தேன். கழற்றிய போல்ட்டுகளைப் பட்டன் டப்பாக்களில் போட்டு வைத்தார். சட்டைப் பட்டன் டப்பாவில் ஹெட் போல்ட், பேன்ட் கொக்கி டப்பாவில் மற்றது. பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு வாடிக்கையாளர் அவசரமாகப் பட்டன் மாற்ற வந்தார், டப்பாக்கள் எல்லாம் இடம் மாறின.

பிஸ்டனைக் கழற்றும்போது அதன் ஓரத்திலிருந்த குட்டி வளைய கிளிப் ஒன்று தெறித்துப் பறந்தது. அது இல்லாவிட்டால் பிஸ்டனைத் திரும்ப மாட்ட முடியாது. தரையில் சிந்திய குண்டூசி பொறுக்க அவர் ஒரு காந்தம் வைத்திருக்கிறார். அதைக் கயிற்றில் கட்டி அறை முழுக்க இழுத்தார். வருஷக்கணக்காகத் தொலைந்துபோன ஊசியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது, கிளிப் மட்டும் வரவில்லை. நான் மேசைக்கடியில் தவழ்ந்தேன், தலையை இடித்துக்கொண்டேன், வாய்க்கு வந்தபடி கரித்துக்கொட்டினேன். கடைசியில், அரைகுறையாகத் தைத்துத் தொங்கவிட்டிருந்த ஒரு சட்டையின் பையிலிருந்து அதை எடுத்தார். பை தைத்தது வீண்போகவில்லை பார் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்போது முடியும் என்று கேட்டால், நாளைக்கு என்பார். மறுநாள் கேட்டால், எல்லாம் முடிந்தது, காஜா எடுத்துப் பட்டன் வைக்க வேண்டியதுதான் பாக்கி என்பார். வாசலில் நிற்கிற வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லும் அதே பேச்சு, அதே முகம். இத்தனை வருஷம் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இப்போது அந்த வாடிக்கையாளர்களின் வயிற்றெரிச்சல் என்னவென்று தெரிந்தது. நான் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன், திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

உதிரிபாகக் கடையில் புது ரிங் கிடைத்தது. ஆனால் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் இல்லை. இரண்டு இரும்பு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தில் ஆயில் கசியாமலிருக்க வைக்கிற கெட்டிக் காகிதம் அது. சொல்லி வரவழைக்க வேண்டும், அந்தத் திங்கள் தாண்டித்தான் வரும் என்றான் கடைக்காரன். இவர் முகம் மலர்ந்துவிட்டது. கேஸ்கெட் காகிதத்தைத் தாளாக வாங்கிக்கொண்டு வந்தார். வெட்டுகிற வேலை. அதற்குப் பிறந்தவரிடம் போய் இல்லை என்று சொல்லியிருக்கிறான் பாவம் அந்தக் கடைக்காரன்.

அன்றைக்கு அவரைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாள் இன்ஜினோடு மல்லுக்கட்டிய கை, கத்தரியைப் பிடித்ததும் அப்படியே அடங்கிவிட்டது. பிய்ந்தும் கிழிந்தும் வந்திருந்த பழைய கேஸ்கெட்டைத் தண்ணீர் தெளித்து நீவி, புதுத்தாளின்மேல் வைத்துக் குண்டூசி குத்தினார். சிலர் நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து இதே அளவில் தையுங்கள் என்பார்களே, அந்த அளவு சட்டையைக் கையாளுகிற மாதிரிதான் அதையும் கையாண்டார். சுற்றிலும் பென்சிலால் வரைந்தார். நான் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் பெரிய வட்டம், அதைச் சுற்றி போல்ட்டுகளுக்கான துளைகள். ஓரமாக, கிழிசலை ஒட்டி, மிளகளவுக்கு ஒரு பொத்தல் இருந்தது. அதைச் சுற்றி அவர் பென்சில் போகவில்லை.

"இந்தச் சின்ன ஓட்டை வேண்டாமாங்க?" என்று கேட்டேன்.

"அது கிழிசல். அளவு சட்டையில சிகரெட் பட்ட பொத்தல் இருந்தா, புதுச் சட்டையிலயும் பொத்தல் போட்டா குடுப்பேன்?"

அவர் சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்டி எடுத்த கேஸ்கெட் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை. அதைச் சிலிண்டருக்கு அடியில் வைத்து, போல்ட்டை முடுக்கி, மேலே ஒவ்வொன்றாக ஏற்றினார்.

ஏற்றியதும் ஓடிவிட்டதா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினை வண்டியில் பூட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். மிதித்தார், மிதித்தார், வேர்த்து ஊற்றியது, வண்டி இருமக்கூட இல்லை. இன்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் செயினை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். பக்கவாட்டைத் திறந்து மாட்டினார், மறுபடி தப்பு. ஸ்பேனரைத் தூக்கித் தெருவில் எறிந்தார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம்தான் அது உயிர் பெற்றது. புகை சுத்தமாக இல்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் நிறுத்தியபோது அந்த முகத்தைப் பார்த்து, பேசிய பேச்செல்லாம் பேசியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. இன்ஜின் தலையில் மட்டும் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ன என்றேன். புதுசு, உடுத்த உடுத்தத்தான் உடம்புக்குப் படியும் என்றார்.

திங்கட்கிழமை இருட்டு விலகுவதற்கு முன் கிளம்பினோம். நான் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கடைகள் அடைத்திருந்த தெருக்களைத் தாண்டி, தொழிற்சாலை மதிலோரமாகப் போகும்போது அந்த டிக் டிக் கூடியது. மேம்பாலத்தில் ஏறும்போது கீச்சென்று ஒரு சத்தம், ஒரு உதறல், வண்டி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தார். அது கீழே போகவே மறுத்தது. ஏறி நின்று மிதித்தார். எண்ணெய் கருகிய வாடை அடித்தது. அவர் என்னைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புகையோடயே வந்திருக்கலாம்," என்றேன். வேறு என்ன சொன்னாலும் அழுதுவிடுவேன் போலிருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நடை பிறகு ஓட்டமானது. சாவி பைக்குள் இருந்தது, அதுதான் என்னைத் துரத்தியது. வேறு யாரிடமாவது ஒரு சாவி இருந்திருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மேடத்தைக் கைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காய்கறி ஏற்றிப் போன வேன்காரர் ஒருவர் இரக்கப்பட்டுச் சந்திப்புவரை ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து முதல் பஸ். அது நிற்கிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநரின் கழுத்தை நெரிக்கலாமா என்றிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெயில் வந்துவிட்டது. பூட்டிய கவுன்டருக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. எல்லோரும் முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர்கள். ஒரு பெரியவர் தலைசுற்றித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், யாரோ அவர் வாயில் பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இனி அவருக்கு இன்றைக்கு ரத்தம் எடுத்துப் பிரயோசனமில்லை. மறுநாள் மறுபடி பட்டினி கிடந்து வர வேண்டும். அவர் மகள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு முகம் சுருங்கிப்போனது. மேடம் கதவருகில் நின்றிருந்தார். வண்டி வழியில் நின்றுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை மட்டும் நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். பின் தெருப் பெண்ணைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மறுபடி கேட்க ஒரு வழி இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக அவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன். மேம்பாலத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, இன்ஜினை மறுபடி பிரித்துப் போட்டிருந்தார். இந்தத் தடவை மேசையில் ஏற்றவில்லை, தரையில் விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை. இன்ஜினின் தலைப்பகுதியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை. தேய்ந்து, நீலம் பாய்ந்து, இறுகிப்போயிருந்தது. பிறகு அடிப்பக்கத்தைக் காட்டினார். கேஸ்கெட் உட்கார்ந்திருந்த இடத்தில், ஓரமாக, இரும்பில் மிளகளவுக்கு ஒரு துளை. தலைப்பகுதி தேயாமலிருக்க ஆயில் மேலே ஏறுகிற வழியே அதுதானாம். அதன்மேல் அவர் வெட்டிய அழகான கேஸ்கெட் பிசிறில்லாமல் மூடியிருந்தது.

"நீ கேட்டே. நான்தான் கிழிசல்னு சொன்னேன்," என்றார்.

கோத்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னேன். கேஸ்கெட் வெட்டிய கத்தரி பக்கத்தில் கிடந்தது, அதை எடுத்துத் தள்ளி வைத்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தக் கத்தரியை எடுத்துக் கிணற்றில் போட வேண்டும்போலவும் இருந்தது.

மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். கேட்கிற ஆளா? இந்தத் தடவை பிடிவாதத்தில் சத்தம் மட்டும் இல்லை. தேய்ந்ததை எல்லாம் பழைய சாமான் கடையில் தேடி வாங்கினார். வாடிக்கையாளரிடம் நாளைக்கு என்று சொல்வதை நிறுத்தினார், முடிந்ததும் சொல்கிறேன் என்றார். புதுக் கேஸ்கெட் வெட்டியபோது என்னைக் கூப்பிட்டு, எல்லாத் துளையும் சரியாக இருக்கிறதா பார் என்று நீட்டினார். கிழிந்த பழையதையும் புதியதையும் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அதை அவர் கையில் கொடுத்தேன்.

நிரந்தரம் பின் தெருப் பெண்ணுக்குப் போனது. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் இன்னும் தற்காலிகம்தான். வண்டி மட்டும் இப்போது ஓடுகிறதே, அப்படி ஓடுகிறது. புகை இல்லை, டிக் டிக் இல்லை, அவருடைய தையல் மெஷின் மாதிரி சீராகப் போகிறது. அது இவ்வளவு நன்றாக ஓடுவதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், கவுன்டர் திறக்கிற வேலை இப்போது எனக்கில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காதில் போட்டுக்கொள்வதில்லை. விடிவதற்கு முன்பே வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிடுகிறார். எல்லோருக்கும் முந்திக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். இறக்கிவிட்டும் போகாமல், இன்ஜினை அணைக்காமல், கதவு திறக்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நேற்றும் அப்படித்தான். வெறும் வயிற்றோடு வந்திருந்த ஓர் அம்மா நான் வெள்ளைக் கோட்டு போடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"நீங்கதான் வந்துட்டீங்களே. கதவைத் திறங்களேன்."

சாவி என்னிடம் இல்லை, அந்தப் பெண் இப்போது வந்துவிடுவாள் என்றேன். பின்னால் வண்டியின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.